சேராதவன் பகைவன்: சிறார் அசைவூட்டத் தொடர்களில் தலைவனும் எதிர்த்தலைவனும்



கெரியான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், தான் முந்தைய நாள் கண்ட அசைவூட்டத் தொடரின் கதையை வகுப்பில் எழுந்து சொல்லக் கேட்டேன். கண்களை அகல விரித்து, கைகளை வீசி, மேசையைச் சுற்றி ஓடி அவன் சொன்ன அழகு மறக்கத்தக்கதன்று. ஆனால் அந்தக் கதையில் வந்த வினைச்சொல் பெரும்பாலும் ஒன்றே. ‘அடிச்சான்’ என்பதே அச்சொல். மின்னலை ஏவியதும் அடித்ததுதான், காற்றைச் சுழற்றி எறிந்ததும் அடித்ததுதான், மண்ணைப் பிளந்து சுவர் எழுப்பித் தடுத்ததும் அடித்ததுதான். தலைவனுக்கு ‘ஹீரோ’, எதிரிக்கு ‘வில்லன்’ என்ற இரண்டு சொற்களோடு அவன் ஒரு பெரும்போரை நடத்தி முடித்தான். கதையைக் கட்டும் ஆற்றல் அவனிடம் நிறைந்திருந்தது; அதை எடுத்துச் சொல்லத் தமிழில் சொல் இல்லாதிருந்தது. அந்தச் சொற்களை எங்கே போய் எடுப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

அவன் சொன்ன கதை ‘போபோய்போய்’ தொடரைச் சேர்ந்தது. நம் நாட்டின் அனிமோன்ஸ்தா நிறுவனம் உருவாக்கிய இத்தொடர் 2011ஆம் ஆண்டு முதல் டிவி3 அலைவரிசையில் வரத் தொடங்கியது. 2016இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. ரிந்திஸ் தீவில் தன் தாத்தாவின் கொக்கோ பானக் கடைக்கு வந்து சேரும் ஒரு சிறுவனுக்கு, ஓச்சோபோட் என்னும் உருண்டை வடிவ இயந்திரம் ஆற்றல்களை வழங்குகிறது. அவன் மின்னல், காற்று, மண் என மூவராகப் பிரிந்து போரிடுவான். நெருப்பு, நீர், ஒளி, இலை ஆகிய ஆற்றல்கள் பின்னர் வந்து சேர்கின்றன. நம் ஐம்பூதங்களில் நான்கு இங்கே இடம்பெற்றிருக்க, வானுக்கு மட்டும் இடமில்லை. அதன் இருக்கையை மின்னலும் ஒளியும் இலையும் பங்கிட்டுக்கொண்டன போலும். அவன் உடன் நிற்பவர்கள் யாயா, யிங், கோபால், ஃபாங் ஆகியோர். கோபால் நம் பிள்ளைகளின் பெயரைத் தாங்கியவன். அவனைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பேச வேண்டும்.

எதிரியின் பெயர் அடு டு. வேற்றுக்கோளிலிருந்து வந்த பச்சைநிறச் சதுரத்தலையன். மலாய்க்காரர் வலி வந்தால் எழுப்பும் ‘அடுஹ்’ என்னும் ஒலியை அப்பெயர் நினைவூட்டுகிறது. மலாய்ச் சிறுவன் கேட்டவுடன் சிரிப்பான். தமிழறிந்தவன் காதில் அது வேறு விதமாகவும் விழும். அடுதல் என்றால் தமிழில் கொல்லுதல். போர்க்களத்துக்கு அடுகளம் என்று பெயர். அதே அடுதல் சமைத்தலையும் குறிக்கும். அடுப்பு என்ற சொல் அதிலிருந்தே வந்தது. இது தற்செயலான ஒலி ஒற்றுமைதான், ஐயமில்லை. ஆயினும் எதிரியின் பெயரில் கொலையும் சமையலும் ஒருங்கே இருப்பதும், தன்முன் நிற்கும் பொருளையெல்லாம் உணவாக மாற்றுகிறவன் கோபாலாக இருப்பதும் ஆசிரியருக்குக் கிடைத்த பரிசு. பாடநூலில் தேடினாலும் இத்தகைய எடுத்துக்காட்டு அகப்படாது.

அடு டு தேடி வந்தது கொக்கோவை. அவன் உலகில் அது ஆற்றல் தரும் பொருள். எதிரிக்கு ஒரு தேவை இருக்கிறது, அத்தேவை நமக்கு விளங்குகிறது. தொடர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். காரணமில்லாமல் கெட்டவனாக இருப்பவனைக் குழந்தைகளே நெடுநாள் நம்புவதில்லை. பேராக்கின் தென்பகுதியில், பாகான் டத்தோ பக்கம், தென்னைக்கு அடியில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்ந்ததைக் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். கெரியானிலோ முதலில் கரும்பு, பிறகு ரப்பர், 1906இல் நிறைவுற்ற நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் பின் நெல். ஒரு விளைபொருளை நாடித் தொலைவிலிருந்து ஆள் வந்து இறங்குவது இம்மண்ணுக்குப் பழகிய கதை. கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோரை ஏற்றி வந்ததும் அவ்வாறான ஒரு தேவையே. சிறுவர் தொடர் இதையெல்லாம் நினைத்து எழுதப்பட்டிருக்காது. ஆனால் இவ்வூர் மாணவனுக்கு இதை எடுத்துச் சொன்னால் அவன் பாட்டியின் கதையும் வகுப்பறைக்குள் வரும்.

கவர்தலும் மீட்டலும் என்னும் இந்தக் கதையமைப்பு தமிழுக்கு மிகப் பழையது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்து செல்லப்பட்டதை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சித் திணைக்குள்ளேயே அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாகப் பிரிக்கிறது. மீட்கும் பூசலில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். ஓச்சோபோட்டைத் தூக்கிச் செல்வதும், நண்பர்கள் துரத்திச் சென்று மீட்டு வருவதும் இதே கட்டமைப்பில் அமைந்தவை. ‘கவர்ந்தான்’, ‘மீட்டான்’, ‘இடைமறித்தான்’, ‘துரத்தினான்’, ‘முற்றுகையிட்டான்’ ஆகிய ஐந்து சொற்களை அந்த மூன்றாம் ஆண்டு மாணவனுக்குக் கொடுத்திருந்தால் அவன் கதையின் பாதி விளங்கியிருக்கும். எஞ்சிய பாதிக்கு ஏவுதலும் எய்தலும் எறிதலும் வேண்டும். வில்லிலிருந்து புறப்படுவதை எய்தல் என்றும், கையிலிருந்து புறப்படுவதை எறிதல் என்றும் முன்னோர் பிரித்தறிந்தனர். விரல்நுனியிலிருந்து பாயும் மின்னல் எய்ததா, எறிந்ததா? மாணவர்களிடமே கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வழக்காடும்; அந்த வழக்காடலே பாடம்.

இனி எதிரியைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ‘வில்லன்’ என்ற சொல்லைத் தமிழர் நாவிலிருந்து அகற்ற முடியாது, அகற்றவும் வேண்டியதில்லை. ஆனால் நிகண்டுகள் பகைவனுக்குத் தொகுத்துத் தரும் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் ஒரு வியப்புத் தோன்றும். ஒன்னார், நண்ணார், கூடார், சேரார், பொருந்தார், மருவார், மேவார், நள்ளார். இவற்றுள் எதுவும் கொடுமையைக் குறிக்கவில்லை. ஒன்றாதவர், நெருங்காதவர், கூடாதவர், சேராதவர், பொருந்தாதவர் என எல்லாம் நட்பின் எதிர்மறைகள். பகை என்ற சொல்லும் பகுத்தல், அதாவது பிரித்தல், என்னும் பொருளுடைய ‘பகு’ என்பதன் அடியாகப் பிறந்ததே. செற்றார், தெவ்வர் போன்று சினத்தையும் மாறுபாட்டையும் நேரே குறிக்கும் சொற்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. எனினும் அப்பட்டியலின் பெரும்பகுதி, பகைவனை நம்மோடு சேராது நிற்பவன் என்றே பார்க்கிறது. சேராதவன் என்றால், சேரக்கூடியவன் என்ற குறிப்பும் அச்சொல்லுக்குள் இருக்கிறது.

கந்தபுராணத்தில் சூரபன்மன் மாமரமாக நின்று பிளவுண்டு, சேவலும் மயிலுமாகிறான். ஒன்று முருகனுக்குக் கொடி, மற்றொன்று ஊர்தி. எதிர்த்து நின்றவன் அழிக்கப்பட்டு மறையவில்லை; உடனிருப்பவனாகிவிட்டான். பகையையும் நட்பாக மாற்றிக்கொண்டு நடப்பவனை உயர்த்திப் பேசும் குறள் ஒன்று, பகைத்திறந்தெரிதல் என்னும் 88ஆம் அதிகாரத்தில் உண்டு. அடு டுவும் கதை வளர வளர எப்போதும் எதிரியாகவே நிற்கவில்லை. பெரிய எதிரி ஒருவன் வரும்போது நாயகர்களோடு சேர்ந்து நிற்கிறான். இதற்கு அறத்தைக் காட்டிலும் எளிய காரணம் ஒன்றும் உண்டு. தொடர்கதைக்கு எதிரி அடுத்த வாரமும் வேண்டும். கொன்றுவிட்டால் கதை முடிந்துவிடும். கம்பனின் இராமன் படைக்கலம் இழந்த இராவணனை அன்று போய் மறுநாள் வருமாறு அனுப்பியது வீரத்தின் அறம். தொலைக்காட்சித் தலைவன் எதிரியை விட்டுவிடுவது அறமும் வணிகமும் கலந்தது. இரண்டையும் மாணவர்முன் சமமாக வைத்துவிடக் கூடாது, ஒப்பிட வைக்கலாம்.

தலைவனின் பக்கமும் நோக்குவோம். பெருங்காப்பியத்தின் தலைவன் தனக்கு ஒப்பில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் இலக்கணம். போபோய்போய் அப்படிப்பட்டவன் அல்லன். மூவராகப் பிரிந்து நெடுநேரம் நின்றால் அவனுக்கு நினைவு மங்கிவிடும். எதிரி அக்குறையைப் பயன்படுத்துகிறான். ஆற்றலோடு ஒரு குறையையும் சேர்த்துத் தருவது நாட்டார் கதைகளின் வழக்கம். மயிலிராவணன் கதையில் அவன் உயிர் வண்டு வடிவில் வேறோரிடத்தில் மறைந்திருப்பதும், அனுமன் அதைக் கண்டறிந்த பிறகே அவனை வெல்ல முடிவதும் பெரியோர் பலர் சிறுவயதில் கேட்டவை. குறையுள்ள தலைவனைக் குழந்தை தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 1983இல் வெளிவந்த, நம் நாட்டு அசைவூட்டக் குறும்படங்களுள் முன்னோடியான ‘ஹிக்காயாட் சங் கஞ்சில்’ படத்தின் தலைவனும் வலியவனல்லன். சருகுமான், உடலால் மிகச் சிறிய விலங்கு. அப்படத்தை ஆக்கியவர் ஆனந்தம் சேவியர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கோபாலைப் பற்றிச் சில ஆசிரியர்களுக்கு மனக்குறை உண்டு. பருத்த உடல், அச்சம், தின்பதில் ஆவல், படிப்பில் பின்தங்கல். ஐவருள் நம் பிள்ளைதானா இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். அக்குறை பொருளற்றதன்று. நான் அதை முழுதும் மறுக்கவில்லை. ஆயினும் மெய்ப்பாட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கோபாலைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. நகை தோன்றும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறது தொல்காப்பியம். கோபாலைக் கண்டு எழும் சிரிப்பு பெரும்பாலும் இளமையாலும் பேதைமையாலும் எழுவது. எள்ளலாக மாறும் இடங்கள் எவை என்று மாணவரே பிரித்துக் காட்டலாம். அப்படிப் பிரிக்கக் கற்றவன், தன் வகுப்பில் ஒருவனைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அது எந்தச் சிரிப்பு என்று அறிவான்.

மேலும், வியப்பு எனப்படும் மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் நிலைக்களன்கள். ஆக்கம் என்பது ஒன்று வேறொன்றாக ஆவது. கோபாலின் ஆற்றல் இதுவே. பாறை இனிப்பாகிறது, எதிரியின் படைக்கலம் பலகாரமாகிறது. மற்ற நால்வரின் ஆற்றல்களைப் பிற நாட்டுத் தொடர்கள் பலவற்றில் பார்த்திருக்கிறோம். போர்க்களத்தை அடுக்களையாக்கும் ஆற்றல் அரிது. பெருமிதத்துக்குரிய கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கில் அவனிடம் முதல் மூன்றும் குறைவுதான். கொடை உண்டா என்பது ஆராயத்தக்கது. தான் ஆக்கிய உணவைப் பெரும்பாலும் அவனே தின்றுவிடுகிறான்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ தமிழ்க்குரலில் ஒளிபரப்பானது. அக்காலத்துச் சிறுவர்கள் இன்று பெரியவர்களாகியும் அதை ஆர்வத்தோடு நினைவுகூர்கின்றனர். அதில் வரும் முதியவர் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகிறார். தமிழில் அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? ஒன்றைத் தேர்ந்த உடனே உறவும் உரிமையும் கண்டிப்பின் அளவும் மாறிவிடுகின்றன. மலாய்த் தொடரில் வரும் தோக் அபாவைத் தமிழாக்கும் மாணவன் தாத்தா என்று எளிதில் கடந்துவிடுவான். ஆனால் எதிரியின் உதவி இயந்திரம் தன் தலைவனை விளிக்கும்போது என்ன செய்வது? முதலாளி, ஐயா, எசமான், அண்ணே ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை அடிமையைக் காட்டும். தோட்டப்புற வாழ்வை அறிந்த வீட்டில் ‘தொரை’ என்ற சொல்லும் வந்து விழும். அது எந்த அகராதியும் தராத பொருளோடு வரும்.

செய்முறையாக ஒன்று சொல்கிறேன். நான்கைந்து நிமிடச் சண்டைக் காட்சி ஒன்றை ஒலியை அணைத்துவிட்டுத் திரையிடுங்கள். மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் தலைவனுக்கும் மற்றவர் எதிரிக்கும் தமிழில் குரல் கொடுக்கட்டும். ‘அடி’ என்னும் வினையை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று ஒரே ஒரு விதி வையுங்கள். முதல் நாள் நெடிய அமைதி நிலவும், அஞ்ச வேண்டாம். கரும்பலகையில் இருபது வினைகளும், பகைவனைக் குறிக்கும் எட்டுப் பெயர்களும் எழுதியிருந்தால் போதும். நான் முயன்ற வகுப்பில் எதிரிக்குக் குரல் கொடுக்கவே எல்லாரும் முந்தினர். தலைவனைவிட அவனுக்கே நல்ல வசனம் அமைகிறது என்று ஒரு மாணவி காரணம் சொன்னாள். அவள் தன் எதிரிக்கு ‘நண்ணான்’ என்று பெயரும் சூட்டினாள். அடுத்த வாரம் அவனை நண்ணியவனாக்கப் போவதாகவும் சொன்னாள்.