ஒரு கல், பல துறை – 9: கக்கிய காற்றும் குடிக்கும் சுவரும்

  பெரம்பலூர், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிய அறிவு பொறியியல், நகரத் தட்பவெப்பம், சட்டம் என்று தனித்தனி அறைகளில் கிடக்கிறது, ஒரு அறைக்காரர் அடுத்த அறையை எட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் இந்தத் தொடரின் வாதம். இந்த வாரம் பத்திரிகைச் சட்டம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் 44 என்ற எண் குறுக்கே வந்து நிற்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். சுண்ணாம்புக்கல்லில் கால்சியத்தின் எடை 40, கரி 12, மூன்று ஆக்சிஜன் சேர்ந்து 48, மொத்தம் 100. சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருந்து 44 பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும். கையில் மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பு 56. அதாவது 20 டன் சுத்தமான கல்லை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஆலைக்குள் நுழைகிறது என்றால், அதில் 8.8 டன் காற்று. தார்ப்பாய் போட்டு மூடி, எடை மேடையில் நிறுத்தி, ராயல்டி கட்டி நாம் கொண்டுபோவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு புகைபோக்கி வழியாகப் போகவேண்டிய சரக்கு! ஸ்காட்லாந்து மருத்துவர் ஜோசப் பிளாக் 1750களில் இதைத் தராசு வைத்தே கண்டுபிடித்தார். கல்லுக்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடக்கிறது என்று அவர் சொன்னபோது தேடிக்கொண்டிருந்தது சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் மருந்தை. அந்தக் காற்றைக் கட்டிப்போட்டது யார் என்பது அரியலூர்க்காரர்களுக்குத் தெரியும். கல்லங்குறிச்சிச் சுரங்கச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் சிப்பி விளிம்பு உறுத்தும். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடலில் கிரைஃபியா, இனோசெராமஸ் போன்ற சிப்பிகள் தண்ணீரில் கரைந்திருந்த கரியை எடுத்துத் தங்களுக்கு ஓடு கட்டிக்கொண்டன. அவை ஆயுள் முழுக்கச் சேர்த்ததைச் சூளை ஒரு வேளைச் சோற்று நேரத்துக்குள் அவிழ்த்து விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த 44 அடுப்பு எரிப்பதால் வருவதல்ல. நிலக்கரியை நிறுத்திவிட்டு வெயிலிலேயே சூளையை 1,450 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் கல் தன் பங்கைக் கக்கத்தான் செய்யும். சிமென்ட் ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 60 விழுக்காடு கல்லிலிருந்தே வருகிறது. எரிபொருளின் பங்கு மிச்சம்தான். ஆகவே பொறியாளர்கள் கல்லையே குறைக்கப் பார்த்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் கேரன் ஸ்கிரிவனர் குழுவும் கியூபா ஆராய்ச்சியாளர்களும் நம் ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்த எல்சி3 சிமென்டில், கல்லைச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டியான கிளிங்கர் பாதிதான். 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 விழுக்காடு ஜிப்சம். சுடாத கல் என்பதால் அந்தப் பங்கின் காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. 2023-ல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வந்துவிட்டது.

இனிதான் வழக்கு. கக்கிய காற்றைக் கான்கிரீட் மெல்லத் திரும்பக் குடிக்கிறது. 1930 முதல் 2013 வரை உலகச் சிமென்ட் ஆலைகளில் கல் கக்கியதில் சுமார் 43 விழுக்காட்டுக்கு ஈடான வாயுவைச் சுவர்களும் பாலங்களும் பூச்சும் உள்ளிழுத்துவிட்டன என்று 2016-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தட்பவெப்ப ஆராய்ச்சியாளருக்கு இது நல்ல சேதி. அதே நிகழ்வு கட்டுமானப் பொறியாளருக்கு நோய். உடைத்த கான்கிரீட்டின் மேல் அவர் பினாப்தலின் கரைசலைத் தெளிக்கிறார். காரம் மிஞ்சிய இடம் இளஞ்சிவப்பாகும், காற்றைக் குடித்த இடம் நிறமில்லாமல் நிற்கும். நிறமில்லாத பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஆரம்பிக்கப்போகிறது என்று அர்த்தம். கொத்தனார்கள் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பது கம்பிக்கும் காற்றுக்கும் இடையில் அந்தத் தூரத்தைக் காக்கத்தான். ஒருவர் வரவு வைப்பதை இன்னொருவர் செலவில் எழுதுகிறார்! எல்சி3 இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. கடலோரத்தில் உப்பை அது நன்றாகத் தடுக்கும், ஆனால் காரச் சேமிப்பு குறைவாக இருப்பதால் காற்றைச் சற்று வேகமாகக் குடிக்கும். சென்னைக் கடற்கரைக்கு ஏற்ற கலவைதான் பெரம்பலூருக்கும் ஏற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

‘கான்கிரீட்டே திரும்ப எடுத்துக்கொள்கிறதே, பிறகென்ன கவலை’ என்று ஒரு தரப்பு கேட்கும். கக்குவது ஒரு நாளில், குடிப்பது பல பத்தாண்டுகளில். அடுப்புக் கரி இந்த வரவில் சேரவே சேராது. நகரத் தட்பவெப்பம் பெருநகரங்களின் தலைவலி, அரியலூருக்கு எதற்கு என்பது இன்னொரு தடை. பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடும் சுவர் சென்னையில் நின்றாலும் ஜெயங்கொண்டத்தில் நின்றாலும் அதைத்தான் செய்யும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தபோது ஊரின் மக்கள்தொகையைக் கேட்கவில்லை. இங்கேயும் விடையின் ஒரு துண்டு கல்லிடமே இருக்கிறது. அகமதாபாத் மாநகராட்சி 2017-ல் ஏழை வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. காயும்போது காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. கம்பி இல்லாத பூச்சு என்பதால் பொறியாளருக்கும் புகார் இல்லை. மழையில் கரையும், புழுதியில் மங்கும், அடிக்கடி அடிக்க வேண்டும் என்பது உண்மை. லாரிகள் ஓயாத சாலையோரத்தில் இன்னும் சீக்கிரம் மங்கும்.

எல்லோரும் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் ஆழமாகாது என்பது கனமான ஆட்சேபம். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா என்ற மொராவியர் கல்கத்தாவில் உட்கார்ந்து இந்தப் பகுதியின் சிப்பி, நத்தைப் படிமங்களை நான்கு தொகுதிகளாக விவரித்தார். 1874-ல் லடாக் மலையில் இறந்தார். அப்படி ஒருவர் சிப்பி ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இன்று நமக்குக் கல்லங்குறிச்சியின் கடல் தெரிகிறது. அவரைச் சிமென்டும் படித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆராய்வது தனித்தனியாகவே இருக்கட்டும். முடிவெடுக்கும் மேசையில்தான் தாள்கள் சேர வேண்டும். ஒரு மாவட்டம் சுரங்கத்துக்கு அனுமதி தரும்போது 44-ஐயும் 43-ஐயும் கம்பியின் துருவையும் கூரையின் சூட்டையும் ஒரே நாளில் ஒரே ஆள் பார்க்க வேண்டும். இப்போது அப்படிப் பார்க்கும் நாற்காலி எங்கும் இல்லை.

அந்தத் தாள்கள் பொதுமக்கள் கைக்கு வருமா என்பதில்தான் சட்டம் நுழைகிறது, பக்கமும் தீர்ந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவு வணிக ரகசியத்துக்கு இடம் தருகிறது. பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் திறக்கலாம் என்கிறது. திறந்த தாளைப் பத்திரிகை அச்சிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, சிறைக்கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் சொன்ன பதில் இருக்கிறது. பொது ஆவணத்தில் ஏறிய செய்தியை வெளியிட யாருடைய சம்மதமும் பொதுவாகத் தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு. சுரங்கத் திட்ட அறிக்கையை அந்த வகையில் சேர்க்க முடியுமா என்பது அடுத்த வாரம்.