காணாமற்போன கடிதங்கள் மீண்ட விதம்

பிழையுள்ள செக்ரோலைப் பார்த்துக் கிராணியார் பத்துப் பிரதிகள் எழுதினாலும், பத்திலும் அந்தப் பிழை ஏறிவிடும். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கூகுள் நிறுவனத்துக்கு ஏறக்குறைய இதுவே நேர்ந்தது.

கிளேபாங்கில் உட்கார்ந்து கைப்பேசியில் நாம் படிக்கும் ஜிமெயில் கடிதம் கைப்பேசிக்குள் இருப்பதன்று. எங்கோ தொலைவில் சர்வர் எனும் பெரிய கணினிகள் அதைக் காக்கின்றன. அன்று சிலர் தங்கள் பெட்டியைத் திறந்தபோது அது வெறுமையாகக் கிடந்தது. பத்தாயிரம் பேரில் இருவருக்கு என்பது கணக்கு. சிறிய தொகைதான், ஆனால் மகன் அனுப்பிய கடிதங்கள் மறைந்த தாய்க்கு அது சிறியதா, வாசகர்களே?

சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது புகுந்த பழுதே காரணம். ஒவ்வொரு கடிதத்துக்கும் வெவ்வேறு ஊர்களில் பிரதிகள் இருந்தன. ஓரிடத்தில் தீப்பிடித்தால் மற்றோரிடம் கைகொடுக்கும். மென்பொருட் பழுதுக்கு ஊர் ஏது? பல பிரதிகளையும் ஒருசேரத் தாக்கிவிட்டது.

காப்பாற்றியது எது தெரியுமா? காந்த நாடா! நாம் பாட்டுக் கேட்ட கேசட்டுக்குச் சொந்தக்காரன்தான். கடிதங்களை நாடாவில் பதிந்து, கணினித் தொடர்பு அறுத்துத் தனியே வைத்திருந்தார்கள். பழுது அங்கே எட்டவில்லை. வேகந்தான் குறைவு, மற்றொரு நிலையத்திலிருந்து கண்ணிமைக்கும் முன்னே வரக்கூடியதை நாடாவிலிருந்து எடுக்க மணிக்கணக்காகும். பொறியாளர்கள் பொறுமையாக எடுத்துச் சேர்த்தார்கள். பழுதான வேளையில் புதிதாக வந்த கடிதங்கள் மட்டும் பெட்டிக்குள் போகவில்லை. சேரவில்லை என்ற அறிவிப்பு அனுப்பியவருக்கே திரும்பிப் போயிற்று.