கதிரவன் கூலி கேட்பதில்லை, தொழிலாளி?

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவை அடைவோரைக் கடற்காற்றும் கடும் வெயிலுமே முதலில் வரவேற்கின்றன. இவ்விரண்டையும் மின்சாரமாக்கும் பொருட்டு, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமென இந்திய நன்கொடையில் 2024 மார்ச் மாதம் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. திட்டத்தின்படி சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்றும், காற்றால் 530 கிலோவாற்றும் கிடைக்க வேண்டும். டீசல் இயந்திரத்தையே நம்பி வந்த தீவுகளுக்கு இது நற்செய்தியே.

ஆயினும் நாம் வினவ விரும்புவது ஒன்றுண்டு. இத்தொழில் நம் இளைஞருக்கு எத்தகைய வாழ்வைத் தரும்? தகடுகளைச் சுமந்து பொருத்தும் வேலை சில மாதங்களில் முடிந்துவிடும். நிலைத்திருப்பது பராமரிப்பு வேலையே. உப்புக் காற்று ஆணிகளையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். தகடுகளிற் படியும் தூசியைத் துடைத்தல் வேண்டும். ஆளியை அணைத்தாலும், வெயில் படும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். பயிற்சியற்ற கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆதலால் தீவக இளைஞருக்கு முறையான பயிற்சியும், பாதுகாப்புக் கையுறையும், நண்பகலில் ஒதுங்க நிழலும், நிரந்தர நியமனமும் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் சம்பளத்தில் நூற்றுக்கு 12 பங்கு செலுத்துவது சட்டம். நாட்கூலி என்று சொல்லி அதனைத் தட்டிக்கழித்தல் தகாது.

கதிரவன் கூலி கேட்பதில்லை. அவன் ஒளியைக் காத்து நமக்கு விளக்கேற்றுபவன் கேட்பது நியாயம் அன்றோ?