விலையில்லா மடிக்கணினியில் இரு இயக்க அமைப்புகள்: உடன்வரும் மென்பொருளும் நிரலாக்கக் கருவிகளும்

திறவுச்சொற்கள்: விலையில்லா மடிக்கணினி, பாஸ் லினக்ஸ், விண்டோஸ், நிரல்பெயர்ப்பி, பாடநூல்

முன்னுரை

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டு மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பின்னர் 50 இலட்சத்தைக் கடந்தன. அம்மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பதாகை போன்ற ஆவடிப் புறநகர்ப் பகுதிகளில், கணினி வாங்க இயலாத குடும்பத்திற்கு இதுவே முதல் கணினியாகும். இணைய இணைப்பும் இல்லாத வீட்டில், கணினியுடன் வந்த மென்பொருளே மாணவர் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். ஆகவே, அதில் எவை இடம்பெற்றன என்னும் வினா, மாணவர் கணினியைப் பயன்படுத்துபவராக மட்டும் நிற்பாரா, நிரல் எழுதுபவராகவும் வளர்வாரா என்பதோடு தொடர்புடையது. பல கட்டங்களில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்னும் இரு இயக்க அமைப்புகளும் ஒருங்கே இருந்தமையால், ஒரே கருவியில் அவ்விரண்டையும் ஒப்பிட இயல்கிறது.

இருப்பும் புலப்பாடும்

நடுவண் அரசு 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. மின்னிணைப்புக் கொடுத்தவுடன் திரையில் தோன்றியது பேசிக் மொழியின் கட்டளை வரியாகும். பொறிமொழிக்கான சில்லுமொழிமாற்றியும் அதனுள்ளேயே அமைந்திருந்தது. அதே காலத்துக் காமடோர் 64இலும் பேசிக் மொழி உடன்வந்தது. ஆயினும் வரைகலைக்கும் ஒலிக்கும் உரிய தனிக்கட்டளைகள் அதில் இல்லாமையால், நினைவக முகவரிகளில் எண்களை நேரடியாக இட வேண்டியிருந்தது. இரு கணினிகளிலும் ஒரே பெயருடைய மொழி இருந்தும் கற்பவருக்குக் கிடைத்த வசதி வேறுபட்டது. எனவே உடன்வரும் கருவிகளை எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுதல் போதாது.

இதே வேறுபாட்டை மடிக்கணினியிலும் காணலாம். விண்டோஸ் 7 முதலான பதிப்புகளில் பவர்ஷெல் உள்ளது. டாட்நெட் கட்டமைப்பின் பகுதியாகச் சி-ஷார்ப் நிரல்பெயர்ப்பியும் உள்ளது. ஆனால் அந்த நிரல்பெயர்ப்பி அமைப்புக் கோப்புறைகளின் ஆழத்தில் இருப்பதால், பட்டியலில் தேடும் மாணவருக்கு அது புலப்படுவதில்லை. அலுவலக மென்பொருள் தொகுப்போ தனி உரிமத்திற்கு உரியது.

சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பெர்ல், பைத்தான் ஆகியவை முனையத்தில் பெயரைத் தட்டச்சு செய்தவுடன் இயங்குவன. அலுவலகத் தொகுப்பும் இந்திய மொழி உள்ளீட்டு வசதியும் உடன்வருகின்றன. சி++ நிரல்பெயர்ப்பி இல்லையெனில் களஞ்சியத்திலிருந்து கட்டணமின்றி நிறுவலாம். எனினும் அதற்கு இணையம் அல்லது நிறுவல் வட்டு தேவை.

பாடநூலோடு பொருத்தம்

கருவி கண்ணுக்குப் புலப்பட்டாலும் பாடநூலோடு பொருந்தாவிடில் பயன்படாது. முந்தைய மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் ஸ்டார் ஆபிஸ் தொகுப்பையும் சி++ மொழியையும் கற்பித்தது. ஸ்டார் ஆபிசின் மூல நிரலிலிருந்து வளர்ந்தவையே ஓப்பன் ஆபிசும் லிப்ரே ஆபிசும் என்பதால், இப்பகுதியில் பாஸ் பாடநூலுக்கு நெருக்கமாக இருந்தது.

சி++ பகுதியில் நிலைமை வேறு. பாடநூல் நிரல்கள் டர்போ சி++ காலத்துத் தலைப்புக் கோப்பு வடிவத்தையும், மதிப்பைத் திருப்பியனுப்பாத முதன்மைச் செயற்கூற்றையும் கொண்டிருந்தன. லினக்சில் வழங்கும் புதிய நிரல்பெயர்ப்பிகள் இவ்விரண்டையும் பிழையெனக் காட்டும். டர்போ சி++ 16-பிட் மென்பொருளாதலால் 64-பிட் விண்டோசில் நேரடியாக இயங்காது. அத்தகைய மடிக்கணினியில் அச்சிட்டவாறே தட்டச்சு செய்த மாணவர், எப்பக்கம் திரும்பினும் முதல் நிரலிலேயே தடையைச் சந்திக்க நேரும். அத்தடைக்குக் காரணம் மாணவரின் அறியாமையன்று. பாடநூலும் கருவியும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவையாக இருந்தமையே.

2019-20 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பைத்தான் பாடமாயிற்று. அம்மொழி பாசில் இயல்பாகவே உள்ளது. விண்டோசில் தனியே நிறுவ வேண்டியது. ஆனால் பாடநூல், விண்டோசின் தொடக்கப் பட்டியல் வழியாகப் பைத்தானைத் திறக்கும் முறையை விளக்குகிறது. கருவி ஒரு பக்கமும் வழிகாட்டுதல் மறுபக்கமுமாக அமைந்தமையால், மாணவர் பயன்படுத்தாத பகுதியாகப் பாஸ் ஒதுங்கிவிடும் வாய்ப்பு மிகுகிறது.

முடிவுரை

உடன்வரும் மென்பொருளை ஒப்பிடுவதற்கு இருப்பு, புலப்பாடு, பாடப் பொருத்தம் என்னும் மூன்று அளவுகோல்கள் தேவை. நிரலாக்கக் கருவிகளைப் பொறுத்தவரை, முதலிரண்டில் பாஸ் முந்துகிறது. மூன்றாவதில் இரண்டுமே குறையுடையன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கும் அறிவிப்பு இடம்பெற்றுள்ள நிலையில், கொள்முதல் விவரக்குறிப்பில் நினைவகத்தின் அளவோடு மற்றொரு சோதனையும் இடம்பெறுதல் வேண்டும். பாடநூலின் முதல் நிரல், அச்சிட்டவாறே, இணையமின்றி அக்கருவியில் இயங்குகிறதா என்பதே அச்சோதனை. பாடநூல் எழுதுவோரும் கொள்முதல் செய்வோரும் இணைந்து அதனை மேற்கொள்ளின், மாணவர் கையிலுள்ள கருவி அவருக்கு முதல் நாளிலிருந்தே நிரல் கற்கும் களமாகும்.