ஜோனா லோமு: கிட்னி கோளாறோட ஓடின ராட்சசன்

ரக்பி பாக்காதவங்ககூட இந்த கிளிப்பைப் பாத்திருப்பீங்க. 1995 ஜூன் 18, கேப் டவுன், உலகக் கோப்பை அரையிறுதி. ஒரு நியூசிலாந்து வீரர் பந்தோட ஓடி வர்றார். தடுக்க நின்ன இங்கிலாந்தோட மைக் கேட் மேலயே ஏறி மிதிச்சுட்டுப் போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைக்கிறார். இதுதான் 'ட்ரை'. 5 பாயின்ட். அன்னிக்கு அவர் போட்டது 4 ட்ரை. நியூசிலாந்து 45-29னு ஜெயிச்சுது.

அவர்தான் ஜோனா லோமு. அப்போ வயசு 20. ஆடினது விங் பொசிஷன். மைதானத்தோட ஓரத்துல வேகமா ஓடணும், அதனால பொதுவா ஒல்லியான ஆட்கள்தான் இருப்பாங்க. இவரோ 1.96 மீட்டர் உயரம், 120 கிலோ பக்கம் எடை.

அதே வருஷக் கடைசியில அவருக்கு நெஃப்ராட்டிக் சின்ட்ரோம் இருக்குன்னு தெரிய வந்தது. கிட்னியை ஒரு ஃபில்டர்னு வெச்சுக்கோங்க. கழிவை வெளிய அனுப்பணும், புரதத்தை ரத்தத்துலயே நிறுத்தணும். ஃபில்டர் பழுதானா புரதம் சிறுநீர்ல போயிடும். உடம்புல நீர் கோத்து கால், முகம் வீங்கும். அசதி ஆளைத் தள்ளும்.

இந்த நிலைமையிலதான் 1999 உலகக் கோப்பையில 8 ட்ரை போட்டார். 1995ல போட்ட 7ஐயும் சேத்தா 15. 2015ல பிரயன் ஹபானா வந்துதான் அந்த சாதனையை சமன் செஞ்சார். அதாவது, அந்த சாதனையில பாதிக்கு மேல நோய் தெரிஞ்ச பிறகு வந்தது.

2003ல டயாலிசிஸ். எங்க பெரியப்பாவுக்குத் துணையா நான் டயாலிசிஸ் வார்டுல உக்காந்திருக்கேன். நாலு மணி நேரம் முடிஞ்சு வந்தா அவரால மாடிப்படி ஏற முடியாது. அதனாலயே அடுத்து லோமு செஞ்சது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

2004ல நண்பர், ரேடியோ தொகுப்பாளர் கிராண்ட் கெரேமா தன்னோட கிட்னியைக் கொடுத்தார். மாற்று கிட்னியை அடிவயித்துல வெப்பாங்க, அங்க விலா எலும்போட பாதுகாப்பு கிடையாது. அதோட 2005ல திரும்ப மைதானத்துல இறங்கினார்!

அந்த கிட்னியும் 2011ல செயலிழந்தது. 2015 நவம்பர் 18, 40 வயசுல இறந்துட்டார்.

என் வேலையில டேஷ்போர்டு முழுக்க பச்சையா இருந்தா 'எல்லாம் ஓகே'ன்னு நம்பிடுவோம். லோமுவோட வேகத்தைப் பாத்த உலகமும் அப்படித்தான் நம்புச்சு. முழு ஆரோக்கியத்தோட இருக்கற லோமுவை நாம அதிக நாள் பாக்கவே இல்லை.

சிறுநீர்ல நுரை நிக்குதா, கால் வீங்குதா? ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.