பீடம் இருந்த இடத்தில் ராக்கெட்

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாருடன் தும்பா விண்வெளி மையத்திற்குச் சென்று வந்தோம். தந்தை, தாய், மூன்று பிள்ளைகள், பாட்டியம்மாள் ஆகியோருடன் நாகர்கோவிலிலிருந்து விடியற்காலையில் வேன் புறப்பட்டது. பிள்ளைகளுக்கு ராக்கெட் பார்க்கும் ஆசை. நமக்கு வேறொரு நோக்கமும் இருந்ததை மறைப்பானேன்? ஊர்க் குடிநீர்த் தொட்டிக்காகக் கோவில் வளாகத்தின் ஓரத்தில் மூன்று சென்ட் நிலம் கேட்டிருந்தார்கள். "முன்னோர் கடலில் உழைத்து வாங்கிய மண்; ஒரு பிடியும் கொடுக்கலாகாது" என்று பங்குப் பேரவையில் உரக்கச் சொன்னவர் அந்தத் தந்தையே.

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்தது வேன். ராக்கெட் விட இந்தச் சிற்றூரை ஏன் தேர்ந்தார்கள் என்று மூத்தவன் கேட்டான். பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிச் சென்றது. அக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதனை ஆராய இதைவிட ஏற்ற இடம் அரிது என்று விளக்கினோம். பாதி கேட்டுவிட்டு உறங்கிப் போனான்.

வாயிலில் அடையாள அட்டைகளைக் காட்டி உள்ளே சென்றோம். எதிரே நிற்பது ஆய்வுக்கூடமன்று. புனித மகதலா மரியாவின் பழைய ஆலயம். அதுவே இன்று விண்வெளி அருங்காட்சியகம். பாட்டியம்மாள் சேலைத் தலைப்பால் முக்காடிட்டு, நடுவழியில் முழந்தாளிட்டுச் சிலுவை வரைந்தார். பிள்ளைகள் வெட்கி நெளிந்தனர். "நற்கருணைப் பேழை எங்கே சாமி?" என்றார். சுற்றிலும் ராக்கெட்டுகளின் மாதிரிகள் நின்றன.

நடந்ததைச் சொன்னோம். இந்த இடத்தை நாடி வந்த விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஆண்டகையை அணுகினார். ஆண்டகை தாமே முடிவு சொல்லவில்லை. ஞாயிறு வழிபாட்டிற்கு அவரை வரச்செய்து, கூடியிருந்த மக்களிடமே கேட்டார் என்றும், மக்கள் 'ஆமென்' என்றனர் என்றும் அப்துல் கலாம் எழுதியுள்ளார். ஆலயமும் ஆயர் இல்லமும் பணிக்கூடங்களாயின. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் வந்தன. 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி, அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒன்று சேர்க்கப்பட்டதோ இக்கோவிலுக்குள். ஏவுதளத்தில் பாரந்தூக்கி பழுதாகிவிட, ஆட்களே கைகளால் தூக்கி நிறுத்தினராம். அன்று அந்தியில் அது வானில் விட்ட சோடியம் ஆவி முகிலாய் ஒளிர்ந்தது. நான்கே ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, நம் நாட்டிலேயே செய்த ரோகிணி-75 இங்கிருந்து எழும்பிற்று. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர். "நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அளவுதான்!" என்றான் இளையவன்; பெரிதும் பிழையில்லை.

பாட்டியம்மாளுக்கு இவற்றில் நாட்டமில்லை. "கோவிலைக் கொடுத்தார்கள், சரி. வீட்டையும் வலை உலர்த்திய கரையையும் விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்குக் கோவில் கிடைத்ததா?" என்று மீண்டும் மீண்டும் கேட்டார். விண்வெளிப் பெருமையைப் பேசும் பலர் இக்கேள்வியைத் தாண்டிவிடுகின்றனர். நாமும் அன்றுவரை தாண்டியவர்களே. ஆமென் சொன்ன வாய்கள், கடலை நம்பிப் பிழைத்த வாய்கள். கரையை விட்டு எழுவது அவர்களுக்கு எளிதாய் இருந்திராது.

ஆகவே வேனைப் பள்ளித்துறைக்குத் திருப்பச் சொன்னோம். அங்கே அதே புனித மகதலா மரியாவின் பெயரால் ஆலயம் உண்டு. பேழைமுன் விளக்கு எரிவதைக் கண்ட பின்பே பாட்டியம்மாள் முகம் தெளிந்தது. மெழுகுதிரி ஏற்றி நெடுநேரம் செபித்தார். மகன் பின்னால் தூணருகே கைகட்டி நின்றார்.

திரும்பும் வழியில் பாலராமபுரத்தில் தேநீருக்கு இறங்கினோம். அதுவரை வாய் திறவாதிருந்த அவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "தொட்டிக்கு மூன்று சென்ட் போதுமா சாமி? மோட்டார் அறைக்கும் இடம் வேண்டுமே?"