தாமஸ் என்னும் இருவர்

இங்கிலாந்து நாட்டு வரலாற்றில் தாமஸ் என்னும் பெயர் தாங்கிய இருவர் நம் சிந்தைக்குரியவர்கள். இருவரும் இலண்டன் மாநகரில் பிறந்தனர். இருவரும் ஹென்றி என்னும் பெயருடைய மன்னருக்குச் சான்சலராகவும் நண்பராகவும் விளங்கினர். இருவரும் அம்மன்னரின் சினத்துக்கே இரையாயினர்.

முன்னவர் தாமஸ் பெக்கட். 1162-இல் கான்டர்பரியின் பேராயரான பின், திருச்சபையின் உரிமைகளை இரண்டாம் ஹென்றிக்கு விட்டுக்கொடுக்க மறுத்தார். 1170 டிசம்பர் 29-இல் தம் பேராலயத்திலேயே மன்னரின் வீரர் நால்வரால் வெட்டுண்டு மடிந்தார்.

பின்னவர் தாமஸ் மோர். நான்கு மக்களின் தந்தை. எட்டாம் ஹென்றி கேட்ட உறுதிமொழி தம் மனச்சான்றுக்கு ஒவ்வாமையால் சிறை புகுந்தார். 1535 ஜூலை 5-இல் மகள் மார்கரெட்டுக்கு எழுதிய இறுதி மடலில், மறுநாளே இறைவனிடம் செல்ல விழைவதாகக் குறித்தார். ஏன்? ஜூலை 7 புனித பெக்கட்டின் திருநாள்களுள் ஒன்று. அதற்கு முந்திய நாளன்றோ அது! விழைந்தவாறே ஜூலை 6-இல் அவர் தலை வெட்டப்பட்டது.

1538-இல் பெக்கட்டின் கல்லறையை அழித்து, அவர் பெயரையும் வழிபாட்டு நூல்களினின்று நீக்க ஆணையிட்டார் எட்டாம் ஹென்றி. பெயரோ அழியவில்லை. 1935-இல் மோரும் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

பெற்றோரே, பிள்ளைக்குப் புனிதரின் பெயரைச் சூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? அப்பெயர் தாங்கியவர் எதற்காக வாழ்ந்தார், எதற்காக உயிர் ஈந்தார் என்பதையும் சொல்லி வளர்ப்போமாக!